மூட்டையில் இருந்தது வெறும் அரிசி

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாருக்காகவும் மலை ஏறவில்லை. பிள்ளை வரம் கேட்டு ஏறவில்லை, கணவரின் ஆயுளுக்காக ஏறவில்லை, பாவம் தீரவும் ஏறவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பனிமலையின் உச்சியில் போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது, அதனால் ஏறினேன். இந்த ஒரு வரியை நாலு பேரை நம்ப வைக்க நான் பட்ட பாட்டுக்கு மலையே தேவலை.

ஆசை வந்த கதை சின்னது. சில வருடங்களுக்கு முன்னால் குடும்பத்தோடு வடக்கே டூர் போனோம். சமையல்காரரையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிற டூர் அது. இமயமலை அடிவாரத்திலும் வேளாவேளைக்குச் சாம்பார் சாதம் கிடைக்கும். ஒரு வளைவில் பஸ் நின்றது. எதிரே பனி மூடிய மலை. அதன் முதுகில் சிலர் வரிசையாக, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "போட்டோ எடுத்தாச்சில்ல? வண்டில ஏறு, சாப்பாடு ஆறிடும்" என்றார் என் கணவர். ஏறிவிட்டேன். அன்றைக்குச் சாப்பிட்ட அந்தச் சாம்பார் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது.

எங்கள் ஃபிளாட் தாம்பரம் சானடோரியத்தில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள், கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். கணவர் போன வருடம் ரிட்டையர் ஆனார். "இனிமே என்ன, ரெண்டு பேரும் ஜாலியா இருக்கலாம்" என்று சொன்னார். ஜாலி என்றால் அவர் டிவி முன்னால், நான் அடுப்பு முன்னால். ஒரு மாதம் பார்த்தேன். பிறகு ஒரு மலையேற்றக் குழுவில், உத்தரகாண்டில் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் இருக்கும் ஒரு சிகரத்துக்குப் பெயரைக் கொடுத்துவிட்டேன். அரையாண்டுப் பரீட்சை லீவில் பயணம். விஷயத்தைச் சொன்னதும் கணவர் சேனலை மாற்றினார்.

பெயர் கொடுத்தால் போதாது, உடம்பைத் தயார் செய்ய வேண்டும். கடல் மட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு அவ்வளவு உயரத்தில் காற்று போதாமல் மூச்சு வாங்கும். மூச்சையும் முட்டியையும் இங்கேயே பழக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். முதுகில் எடையோடு தினமும் படி ஏறி இறங்க வேண்டும். புது பூட்ஸைப் போட்டு நடந்து நடந்து காலுக்குப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே போனதும் கால் கொப்பளித்துவிடுமாம்.

முதலில் எங்கள் ஃபிளாட் மாடிப்படியில்தான் ஆரம்பித்தேன். நாலாம் நாளே அசோசியேஷன் செகரட்டரி கதவைத் தட்டினார். "டீச்சர், லிஃப்ட் நல்லாத்தானே வேலை செய்யுது? காலங்காத்தால படில டம் டம்னு சத்தம் வருதுன்னு கம்ப்ளெயின்ட்." அதே படியில் தீபாவளிக்குப் பத்தாயிரம் வாலா சரத்தைத் தொங்கவிட்டு வெடித்தவர்கள்தான் கம்ப்ளெயின்ட் கொடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

அடுத்தது ரயில்வே நடைமேம்பாலம். சுடிதார், காலில் மலையேறும் பூட்ஸ், முதுகில் பை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, திரும்பவும் ஏறி. பாலத்தின் கீழே கொய்யாப்பழம் விற்கும் அம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டாள்: "இன்னாம்மா, ஏறிகினே எறங்கிகினே கீற? இன்னா தொலைச்சே? சொல்லு, நானும் தேடறேன்." அவள் மேல் கோபம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு பெண் போலீஸ் என்னை ஓரமாக அழைத்துக்கொண்டுபோய், தண்ணீர் பாட்டிலை நீட்டி, "வீட்டுல எதுனா பிரச்சனையா மேடம்? மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்றாள். தண்டவாளத்துக்கு மேலே ஒரு பெண்பிள்ளை தனியாக நடந்தால் சாகத்தான் வந்திருப்பாள் என்று முடிவு. உடற்பயிற்சி என்று சொன்னேன். நம்பவே இல்லை. கணவரின் நம்பரை வாங்கிப் பேசிவிட்டுத்தான் விட்டாள். வீட்டுக்குப் போனால் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "போலீஸ் போன் பண்ற அளவுக்கு ஆயிடுச்சு. எனக்குன்னு ஒரு மானம் மரியாதை இல்லையா?" என்றார். என் முட்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால்தான் திருநீர்மலைக்குப் போனேன். பல்லாவரம் பக்கம், ஸ்கூட்டரில் சுலபமாகப் போய்விடலாம். குன்றின் மேலே பெருமாள், நல்ல படிக்கட்டு, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். கோயில் படி என்பதால் பூட்ஸைக் கீழே பூக்காரம்மா கடையில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவேன். பூட்ஸைப் பழக்குவதற்குப் பள்ளிக்கூடத்துக்கே போட்டுக்கொண்டு போனேன், புடவைக்கு அடியில். பிள்ளைகள் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் தேவலை.

எடைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது சமையலறையில் பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டை இருந்தது. பைக்குள் வைத்தால் முதுகோடு ஒட்டிக்கொண்டது. தினமும் விடியற்காலையில் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். மூச்சு இரைக்க ஏறுவேன், இறங்குவேன், திரும்ப ஏறுவேன். ஒரு மாதத்தில் முட்டி சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. அந்தக் காலை நேரம்தான் நாள் முழுவதிலும் எனக்கென்று இருந்த நேரம். மேலே நின்று பார்த்தால் ஏரி தெரியும், ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானம் தெரியும். யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கொஞ்ச நாளில் எனக்கு மரியாதை கூடியது. படியில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு பெண் என் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒருநாள் மூட்டையில் எங்கேயோ ஓட்டை விழுந்து படியெல்லாம் அரிசி சிந்தியது. திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் வந்த இரண்டு பேர் அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். காக்கைக்குப் போடுவார்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு டீச்சர் என்று பெயர்தான், கண்ணெதிரே இருந்ததைக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் எங்கள் ஃபிளாட்டின் இரண்டாம் மாடி அம்மா ஒரு பொட்டலத்தோடு வந்தார். "டீச்சர், ரெண்டு ஆழாக்கு அரிசிதான். உங்க மூட்டைல சேத்துக்கோங்க. எங்க பையனுக்கு எந்த ஜாதகமும் பொருந்த மாட்டேங்குது. நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டுத் தூக்கிட்டு ஏறறீங்க, அதுல எங்களுதும் சேரட்டுமே."

"எதுல சேரணும்?" என்றேன்.

"வேண்டுதல்லதான். சார் எல்லாம் சொன்னாரு. பொண்ணுக்குக் குழந்தை தங்கணும்னு அரிசி சுமந்து மலை ஏறறதா வேண்டிக்கிட்டீங்களாமே. எந்தத் தாய்க்கு இந்த மனசு வரும்?"

பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு அவர் போய்விட்டார்.

கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தேன். "என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"அட, எல்லாரும் கேக்கறாங்க. தினம் விடிகாலைல உன் பொண்டாட்டி மூட்டையைத் தூக்கிட்டு எங்க போறா, வீட்ல சண்டையா, அம்மா வீட்டுக்குப் போறாளான்னு. நான் என்னன்னு சொல்றது? சும்மா மலை ஏறறதுக்குன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க? வேண்டுதல்னேன். அப்புறம் ஒரு பய வாயத் திறக்கல."

"வேண்டுதல்னா உங்க முட்டிக்குன்னு சொல்ல வேண்டியதுதானே? என் பொண்ணு பேரை எதுக்கு இழுத்தீங்க?"

"நம்புற மாதிரி சொல்லணுமில்ல?" என்றார்.

அந்தப் பதிலில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது. இரண்டாவது முறை நாலு மாதம் தாண்டிப் போனது. மாப்பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். சித்தி, அத்தை ஒருவருக்கும் நான் மூச்சு விட்டதில்லை. இந்த மனிதர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதைத் தூக்கிக் கார் பார்க்கிங்கில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். "நாளைக்கே எல்லார்கிட்டயும் பொய்யின்னு சொல்லணும்" என்றேன். "சொல்லிடறேன், சொல்லிடறேன்" என்றார். சொல்லவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் வீட்டில் ஊருக்கு வாயைக் கொடுத்ததே இவர்தான்.

அவர் சொல்லாததால் நானே சொன்னேன். யாரும் நம்பவில்லை. "வேண்டுதலை வெளில சொல்லக் கூடாதுன்னு மறைக்கறீங்க, புரியுது டீச்சர்" என்று கண்ணைச் சிமிட்டினார்கள். மறுக்க மறுக்க என் பக்தி வளர்ந்தது. வீட்டு வாசலில் பொட்டலங்கள் சேர்ந்தன. ஒருத்திக்கு விசா, ஒருத்திக்கு வீட்டுக்காரரின் குடி, ஒருத்திக்கு மூட்டுவலி. மூட்டுவலிக்கு என் மூட்டா கிடைத்தது? நான் சாமி இல்லை என்கிறவள் இல்லை, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான். ஆனால் என் முதுகை யாரும் என்னிடம் கேட்காமல் வாடகைக்கு எடுத்துக்கொண்டதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அம்மா, ரெண்டாம் மாடி ஆன்ட்டி கால் பண்ணாங்க. 'கவலைப்படாதம்மா, இந்தத் தடவை கண்டிப்பா நிக்கும்'னு சொல்றாங்க. இந்தத் தடவைன்னா என்ன அர்த்தம்? அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பாதான் வெளியே சொல்லிவிட்டார் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீ அரிசி மூட்டை தூக்கிட்டு எனக்காக மலை ஏறறியாமே. நான் கேட்டேனா? இங்க மாமியார் விரதம், அங்க நீ மூட்டை. எல்லாரும் என் வயித்தையே பாத்துட்டு இருக்கீங்க. நீயாவது சும்மா இருப்பேன்னு நெனச்சேன்."

"உனக்காக ஏறலடி. எனக்கு மலை ஏறணும்னு ஆசை, அவ்ளோதான்."

"அம்பத்திரண்டு வயசுல திடீர்னு ஆசையா? பொய் சொல்லாதம்மா. எனக்காக நீ ஏறினா நான் அந்த வீட்டுப் பக்கமே வர மாட்டேன்."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மாப்பிள்ளைதான் எடுத்து, "கொஞ்ச நாள் விடுங்க அத்தை" என்றார்.

அந்த நாட்களில் எத்தனை முறை படி ஏறினேன் என்று எனக்கே நினைவில்லை. பயணத்தை ரத்து செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ரத்து செய்தால், வேண்டுதல் உண்மைதான், மகள் திட்டியதும் விட்டுவிட்டாள் என்று ஆகும். போனாலோ, மகள் சொல்லியும் கேட்காமல் அவளுக்காகவே போகிறாள் என்று ஆகும். எந்தப் பக்கம் போனாலும் என் மலையை என்னிடமிருந்து பிடுங்கியாகிவிட்டது. பெற்ற பெண்ணே நம்பாதபோது யாரிடம் போய் முட்டிக்கொள்வது? மழை வேறு பிடித்துக்கொண்டது. நனைந்த படியில் அழுதுகொண்டே ஏறினேன். எதிரே வந்தவர்கள் அதற்கும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பயிற்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய் ஸ்கூட்டரை நிறுத்தினால், அடிவாரத்தில் எங்கள் ஃபிளாட் பெண்கள் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருத்தி கையில் தேங்காய், ஒருத்தி கையில் கற்பூரம். நடுவில் என் கணவர், வேட்டி கட்டிக்கொண்டு, ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். வேண்டுதல் நிறைவு பெறுகிறதாம். என்னோடு சேர்ந்து ஏறி, மேலே தேங்காய் உடைத்து, மூட்டையைப் பெருமாள் சன்னதியில் இறக்கி வைக்க வேண்டுமாம். எல்லாம் இவர் ஏற்பாடு. "நல்லபடியா முடிச்சு வச்சுட்டா அப்புறம் பேச்சே வராது பாரு" என்று என் காதருகே வந்து சொன்னார்.

நான் பையை இறக்கி முதல் படியில் வைத்தேன். ஜிப்பைத் திறந்தேன். எங்கள் வீட்டு அரிசி மூட்டையை எடுத்துப் பூக்காரம்மா கடைப் பலகையில் வைத்தேன். அதற்கடியில் இருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். வாசலில் வைத்துவிட்டுப் போனவற்றை எல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல் அதிலேயேதான் போட்டு வைத்திருந்தேன். "இது உங்க அரிசி. இது உங்களுது. இது உங்க பையன் ஜாதகத்துக்கு." ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன்.

"என்ன டீச்சர் இது, அபசகுனமா?" என்றார் இரண்டாம் மாடி அம்மா.

"நான் எந்த வேண்டுதலும் வச்சுக்கல. மலை ஏறப் பழகறதுக்கு முதுகுல வெயிட் வேணும். வீட்ல அரிசி இருந்துச்சு, தூக்கினேன். செங்கல் இருந்திருந்தா செங்கல் தூக்கியிருப்பேன்." பிறகு கணவரைப் பார்த்தேன். "இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க."

அவர் வேட்டி நுனியைப் பார்த்தார், குன்றைப் பார்த்தார், பூக்காரம்மாவைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சும்மாதான் ஏறறா" என்றார் கடைசியில், திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில்.

"அப்போ எங்க வேண்டுதல் என்னாவறது? இத்தனை நாளா நம்பி இருந்தோமே" என்றாள் விசாக்காரி.

"படி அங்கதான் இருக்கு" என்றேன். "ஏறுங்க."

காலிப் பையை மாட்டிக்கொண்டு நான் ஏறினேன். பின்னால் ஒருவரும் வரவில்லை. எடை இல்லாததால் கால் தானாகப் போனது, கோபத்தில் இன்னும் வேகமாகப் போனது. இறங்கி வந்தபோது ஆட்டோவும் இல்லை, அவர்களும் இல்லை. கணவர் மட்டும் எங்கள் அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் போன் அடித்தது. மகள்.

"இப்பதான் ஆன்ட்டி கூப்பிட்டு ஒரு மூச்சு திட்டினாங்க" என்றாள். "உன்னைத்தான். 'உங்கம்மா உனக்காக ஒண்ணும் ஏறலையாம், சும்மா ஏறறாங்களாம், பெத்த பொண்ணு மேல துளி அக்கறை இல்ல, எல்லார் முன்னாடியும் அவங்க வாயாலயே சொன்னாங்க'ன்னு ஒரே அழுகை."

என்ன சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

"நிஜமாவாம்மா?"

"நிஜம்தான்."

"படி ஏறும்போது என்ன நெனச்சுப்ப?"

"மூச்சை நெனப்பேன். முட்டியை நெனப்பேன். எப்படா எறங்கி ஒரு காபி குடிப்போம்னு நெனப்பேன்."

"என்னை?"

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது என்று யோசித்தேன். "நீ சண்டை போட்டதுக்கப்புறம் நெனச்சேன். அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட இல்ல."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

"ரெண்டு வருஷமா என் வயித்தை நெனைக்காம ஒரு ஆளும் ஒரு காரியமும் பண்ணலம்மா" என்றாள். "நீயாவது பண்றியே. போயிட்டு வா." கொஞ்சம் விட்டு, "அங்க மேல போய் எனக்காக எதுவும் வேண்டிக்காத. சொல்லிட்டேன்" என்றாள்.

"வேண்டிக்க மாட்டேன்."

போனேன். குளிரில் பல் கிட்டியது, மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. திருநீர்மலையில் பழகிய முட்டிகள் என்னைக் கைவிடவில்லை. விடிகிற நேரத்தில் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தின. அந்த டூர் பஸ்ஸிலிருந்து பார்த்த மாதிரி மலைகள், இப்போது என் காலுக்குக் கீழே. அங்கே கற்களை அடுக்கி, ஒரு சூலத்தை நட்டு, யாரோ சின்னதாக ஒரு கோயில் வைத்திருந்தார்கள். கூட வந்த எல்லோரும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். "ஆன்ட்டி, இங்கே வேண்டினால் கட்டாயம் நடக்கும்" என்று பக்கத்தில் நின்ற பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். என் கை தானாக மேலே வந்தது. இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் திணித்து, விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டு நின்றேன். ஏறியதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.